வீட்டில் ஊறுகாய், பொடி போட்டு விற்க: பதிவுகள், சிக்கல்கள்

ஈரோடு மசாலா:
முதல் வேலை எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு. அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் படிவம் 'ஏ', புகைப்படம், அடையாளச் சான்று, இடத்தின் முகவரிச் சான்று. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். இதற்கு ஏஜெண்டிடம் ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை. தொழில் வகையைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். வீட்டில் அரைத்து அடைப்பவர் 'சில்லறை விற்பனை' என்று போட்டுவிட்டால், அந்தப் பதிவு தயாரிப்பைக் காக்காது. கையில் வருவது 14 இலக்க எண்: 2இல் தொடங்கினால் சிறு தொழிலுக்கான பதிவு, 1இல் தொடங்கினால் பெரிய தொழிலுக்கான உரிமம். அடுத்தவர் எண்ணை வாங்கி ஒட்டாதீர்கள், தளத்தில் தட்டினால் யாருடையது என்று காட்டிவிடும்.

திருச்சி தராசுக்கடை:
தராசை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆன்லைனில் மலிவாக வரும் சமையலறைத் தராசு வியாபாரத்துக்கு ஆகாது. மாடல் அனுமதி (அந்த வகைத் தராசுக்கு அரசு தரும் ஒப்புதல்) இல்லாததற்கு, எடை சரி என்று அரசு குத்தும் முத்திரையே விழாது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை. தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. பாக்கெட் போடுபவர் எடையளவுச் சட்டப்படி தனியாகப் பதிய வேண்டும்: தொடங்கிய 90 நாளுக்குள், கட்டணம் 500 ரூபாய். 250 கிராம் பாக்கெட்டில் 9 கிராம் வரை குறை பொறுத்துக்கொள்ளப்படும். ஆனால் மொத்தச் சரக்கின் சராசரி 250க்குக் கீழே போகக் கூடாது. ஆகவே 9ஐ லாபமாகக் கணக்குப் போடாதீர்கள்.

மதுரை கணக்கர்:
ஜிஎஸ்டி பற்றிப் பாதி உண்மைதான் ஊரில் உலவுகிறது. பொருள் மட்டும் விற்பவர் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தான் பதிய வேண்டும் என்ற வரம்பு, சரி. அதே பான் எண்ணில் கடை வாடகை வருகிறதா? அது சேவை, வரம்பு 20 லட்சமாக இறங்கிவிடும். இன்னொன்று, ஓசூரிலிருந்து பெங்களூருக்கோ, கடலூரிலிருந்து புதுச்சேரிக்கோ ஒரு பாட்டில் ஊறுகாய் விற்றாலும் மாநிலம் தாண்டிவிட்டது. வரம்பெல்லாம் செல்லாது, பதிவு கட்டாயம். ஆன்லைன் தளங்களில் ஜிஎஸ்டி இல்லாமல் விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி இருக்கிறது. அதற்கு ஜிஎஸ்டி தளத்தில் பெறும் எண்ரோல்மெண்ட் எண் வேண்டும், மாநிலத்துக்குள் மட்டும்தான் விற்கலாம். உத்யம் (சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம். அது உரிமம் அல்ல, கடனுக்கும் மானியத்துக்கும் உதவும் சான்று, அவ்வளவே.

ஈரோடு மசாலா:
கணக்கர் அண்ணன் சொன்னதோடு லேபிளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழில் மட்டும் அச்சிட்டால் செல்லாது. ஆங்கிலமோ இந்தியோ கட்டாயம், தமிழ் அதோடு கூடுதலாக இருக்கலாம். சேர்மானம் எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இருந்தால் 'கோதுமை உள்ளது' என்று ஒவ்வாமை அறிவிப்பு போட வேண்டும். பெருங்காயம் போட்ட எலுமிச்சை ஊறுகாய்க்கு இது எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி, பேட்ச் எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், புகாருக்கு அழைக்கும் எண் எல்லாம் வேண்டும்.

திருச்சி தராசுக்கடை:
எம்ஆர்பியோடு கிராம் விலையும் வேண்டும்: 250 கிராம் 120 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.48. விலை ஏறினால் மேலே ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. குறைத்தால் ஒட்டலாம், பழைய விலையை மறைக்காமல். அதனால் முதல் தடவை லேபிளைக் கொஞ்சமாக அச்சடியுங்கள்.