10,000 ரூபாய்க்குள் நல்ல அக்கூஸ்டிக் கிட்டார்: சென்னையில் தேடியவர்களின் அனுபவங்கள்

பெரம்பூரிலிருந்து

சர்ச் கொயரில் கிட்டார் வாசிப்பவன் நான். ஏரியாவில் எந்தப் பிள்ளை கிட்டார் வாங்கப் போனாலும் என்னையும் கூப்பிடுவார்கள். சமீபத்தில் பிளஸ் டூ முடித்த ஒரு தம்பியோடு அண்ணா சாலைக்குப் போனேன். 1842-இல் மிஸ்குவித் கம்பெனியாகத் தொடங்கி, இன்றைக்கு மியூசி மியூசிக்கலாக இருக்கும் கடை உள்ள சாலை. அங்கே ஆரம்பித்து மற்ற கடைகளையும் பார்த்தோம். தம்பியிடம் இருந்தது 10,000 ரூபாய்.

ஒரு கடையில் 4,500 ரூபாய்க்குக் கறுப்பாகப் பளபளக்கும் கிட்டார். பை, கேப்போ, பிக் எல்லாம் இலவசம். தம்பிக்கு அதன்மேல்தான் கண். நான் வாங்கி, தலைப்பக்கத்திலிருந்து கழுத்து நெடுகப் பார்த்தேன். நடுவில் நன்றாகவே குழிந்திருந்தது. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். 12-ஆவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் 4 மில்லிமீட்டர் இடைவெளியாவது இருக்கும். தடித்த கம்பிக்கு அங்கே 2.5 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 2 மி.மீ. என்ற அளவில் இருந்தால்தான் புதிதாகக் கற்பவரின் விரல் தாங்கும். ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்த வேண்டிய எஃப் கார்டைப் பிடிக்க முடியாமல் கிட்டாரை மூலையில் வைத்துவிட்டவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். "நமக்கு இசை வராது" என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். வாங்கிப் பார்த்தால் கம்பி அவ்வளவு உயரத்தில் நிற்கும். எனக்கு இதில் ரொம்ப ஆதங்கம் உண்டு.

அப்புறம் சுருதி பார்த்தோம். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டால் வரும் ஹார்மோனிக்கும், அங்கேயே அழுத்தி வாசித்தால் வரும் ஸ்வரமும் ஒன்றாக நிற்க வேண்டும். போனில் ட்யூனர் ஆப் இருந்தால் போதும், கடையிலேயே தெரிந்துவிடும். அந்தக் கறுப்புக் கிட்டாரில் அழுத்திய ஸ்வரம் ஏறியே நின்றது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தோம்.

கடைசியில் எடுத்தது யமஹா எஃப் 280. சென்னைக்கு அருகே 2019-இல் அவர்கள் தொடங்கிய தொழிற்சாலையில் தயாராகும் மாடல். முழுக்க ஒட்டுப்பலகைதான், ஆனால் நம் ஊர்க் காற்றுக்கு நான் அதைக் குறையாகவே நினைக்கவில்லை. கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் உகந்தது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் 80-ஐத் தாண்டிவிடும். சாலிட் டாப், அதாவது ஒட்டாத முழு மரத்தால் ஆன மேல்பலகை, அந்த ஈரத்தைக் குடித்து உப்பும், கம்பியும் கூடவே மேலே போகும். ஒட்டுப்பலகை அவ்வளவு அசையாது. ஒரே மாடலில் கடையில் இருந்ததையெல்லாம் இறக்கச் சொல்லி வாசித்துப் பார்த்தோம். ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கத்தான் செய்தது.

மீதிப் பணத்தை செட்டப்புக்கு, அதாவது கழுத்தையும் கம்பி உயரத்தையும் சரிசெய்ய, வைத்திருந்தோம். பட்ஜெட் எதுவானாலும் இதற்கு 1,000 ரூபாய் ஒதுக்கிவிடுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வேன். கிட்டார் ரிப்பேர் செய்பவர் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகிக் கழுத்தை நேராக்கினார். மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை பிரிட்ஜ். அதில் கம்பிகள் மேலே தங்கும் சின்னப் பட்டையான சேடிலை எடுத்து அடியில் உப்புத்தாளில் தேய்த்தார். சேடிலில் 1 மி.மீ. குறைத்தால் 12-ஆவது ஃப்ரெட்டில் அரை மி.மீ. இறங்கும். 0.012 அங்குலக் கம்பிக்குப் பதில் கொஞ்சம் மெல்லிய 0.011 செட் போட்டார். தம்பி அன்று சாயந்திரமே சி, ஜி, டி கார்டுகள் மூன்றையும் தெளிவாகப் பிடித்தான்.

வேளச்சேரியிலிருந்து

அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் கற்றுக்கொடுப்பவரிடம் கேட்டுவிட வேண்டும். மகளுக்கு லண்டன் ட்ரினிட்டி நடத்தும் கிளாசிக்கல் கிட்டார் கிரேடு தேர்வு என்று கடையில் தெளிவாகச் சொன்னேன். "எல்லாம் ஒன்றுதான் மேடம்" என்று ஸ்டீல் கம்பிக் கிட்டாரைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். டீச்சர் பார்த்ததுமே நைலான் கம்பிக் கிட்டார்தான் வேண்டும் என்றார். கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார். அந்த ஸ்டீல் கிட்டாரை எங்களுக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு விற்றுவிட்டு, முக்கால் சைஸ் நைலான் கிட்டார் வாங்கினோம். விரல் வலி குறைவு, ஆனால் கழுத்து அகலம். பெரிய கிளாசிக்கல் கிட்டாரில் நட், அதாவது கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் பட்டை, 52 மி.மீ. அகலம் வரை வரும், ஸ்டீல் கிட்டாரில் 43 அளவுதான். சின்னக் கைக்கு வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சத்தம் போதவில்லை என்று நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மட்டும் போட்டுவிடாதீர்கள். இழுவிசை தாங்காமல் பிரிட்ஜே பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

தாம்பரத்திலிருந்து

நான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஓஎல்எக்ஸில் பார்த்துப் போன முதல் கிட்டார், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பீரோ மேல் பல கோடையைக் கழித்தது. பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை வயிறு தள்ளியிருந்தது. ஒரு விசிட்டிங் கார்டை பிரிட்ஜுக்கு அடியில் விட்டுப் பார்த்தேன், சுலபமாக உள்ளே போனது. வெயிலில் பசை விட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த வீட்டுப் பெரியவரிடம் காட்டினேன். அவரும் ஒப்புக்கொண்டு, விலையைப் பாதியாக்கினார். ஆனாலும் எடுக்கவில்லை.

கொஞ்ச நாள் பொறுத்ததில் சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி தம்பி வேலை மாறி ஊரைவிட்டுப் போவதால் யமஹா எஃப்ஜி 800-ஐ விற்கிறார் என்று கண்ணில் பட்டது. சாலிட் ஸ்ப்ரூஸ் மர மேல்பலகை. புதிதாக வாங்க எனக்குக் கட்டுப்படியாகாது. இரண்டு வருடம் ஆகியிருந்தாலும் ஃப்ரெட்டில் பள்ளம் இல்லை, கழுத்து நேர். 10,000-க்குப் பேசி முடித்தேன். சாலிட் டாப் என்பதால் பெரம்பூர் அண்ணா சொன்ன ஈரப் பயம் எனக்கும் இருக்கிறது. கடினமான பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டு வைத்திருக்கிறேன். ஏசி ஓடும் அறையில் பெட்டிக்கு வெளியே மாட்டி வைப்பதில்லை. மழை முடிந்ததும் கம்பி உயரத்தை அளந்து, எவ்வளவு ஏறியது என்று இங்கேயே எழுதுகிறேன்.