'ஓரேச்சர்': வாய்மொழிக்கலை என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆப்பிரிக்க இலக்கியக் கலைச்சொற்களைத் தமிழாக்கும்போது, வாயால் சொல்லியும் பாடியும் வழங்கும் படைப்பைக் குறிக்கும் 'ஓரேச்சர்' (orature) என்பதற்கு 'வாய்மொழி இலக்கியம்' போதும் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். போதாது என்பது என் கருத்து. அந்தப் பெயர் வேண்டாம் என்றுதான் புதுச்சொல்லே பிறந்தது.

உருவாக்கியவர் உகாண்டா மொழியியலாளர் பியோ சிரிமு. இலக்கியத்துக்கான ஆங்கிலச் சொல்லான 'லிட்டரேச்சர்' என்பதற்குள்ளேயே எழுத்து ('லெட்டர்') உட்கார்ந்திருக்கிறது. அதன் முன்னால் 'வாய்மொழி' என்று ஒட்டினால் எழுத்து மூலம், வாய்மொழி அதன் கிளை என்றாகிவிடும். 1968-இல் கூகி வா தியாங்கோ, தாபான் லோ லியோங், ஹென்றி ஓவூர்-அன்யும்பா என்ற ஆசிரியர்கள் மூவரும் கென்யாவின் நைரோபி பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கிலத் துறையையே எடுத்துவிடச் சொன்னபோது, வாய்மொழி மரபையும் பாடத்தில் சேர்க்கக் கேட்டது இந்த அடிமைப் படிநிலையை உடைக்கத்தான்.

உகாண்டா கவிஞர் ஓகோட் பிடெக்கின் 'லாவினோவின் பாடல்' என்ற நெடுங்கவிதையின் நாயகி லாவினோவைப் பாருங்கள். படித்த கணவன் ஓச்சோல் தன் ஊரையே இகழ்கிறான். அவள் தன் அச்சோலி இனத்தாரின் பாட்டு நடையிலேயே பதில் சொல்கிறாள். பழைய முற்றத்துப் பூசணிக்கொடியைப் பிடுங்கக் கூடாது என்ற பழமொழி அவள் வாயில் திரும்பத் திரும்ப வருகிறது. 1966-இல் ஆங்கிலத்தில் அச்சான அந்த நூலுக்கு உயிர் கொடுத்தது வாய்மொழிதான். அதைக் கிளை என்று எப்படிச் சொல்வது?

தமிழில் 'இலக்கியம்' எழுத்தைக் குறிக்காதே என்று கேட்கலாம். நியாயம். தொல்காப்பியச் செய்யுளியலே பாட்டு, உரையோடு பிசியையும் (விடுகதை) முதுசொல்லையும் (பழமொழி) ஒரே வரிசையில் வைக்கிறது. ஆனால் இன்று வகுப்பறையில் இலக்கியம் என்றால் அச்சிட்ட நூல்தானே!

'வழக்காறு' நம் நாட்டார் ஆய்வாளர்களின் நல்ல சொல். ஆனால் சடங்கு, விளையாட்டு, கைவினை எல்லாம் அதில் அடங்கும். இங்கே தேவை, சொல்லால் ஆன கலைக்கு மட்டும் ஒரு பெயர்.

எனவே 'வாய்மொழிக்கலை'. 'கலை' என்றதும் நிகழ்த்துபவரும் கேட்பவரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். சுவாஹிலிக் கதைசொல்லி 'பாஉக்வா' என்பார். கூட்டம் 'பகாவா' என்று குரல் கொடுக்கும். அப்புறம்தான் கதை தொடங்கும். அந்தப் பதில் குரலும் படைப்பின் பகுதி. 'இலக்கியம்' என்று சொன்னால் அது காதில் விழாது. 'வாய்மொழிக்கலைஞர்' என்று ஆளுக்கும் பெயர் கிடைக்கிறது, வாக்கியத்திலும் இயல்பாக நிற்கிறது: 'நவீன ஆப்பிரிக்க நாவல் வாய்மொழிக்கலையிலிருந்து பழமொழியையும் கதைசொல்லும் முறையையும் எடுத்துக்கொண்டது.'

வகுப்பெடுக்கும் நண்பர்கள் மாணவர்களிடம் பயன்படுத்திப் பார்த்து எழுதுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் 'கிரியோ' (griot) என்னும் வாய்மொழிக் கலைஞரைப் 'பாணர்' என்பதா என்ற கேள்வியைத் தனி இழையில் பேசலாம். கிரியோக்கள் பரம்பரையாக அரசர் வரலாற்றைக் காத்தவர்கள் என்பதால் அதற்கு இன்னும் கவனம் தேவை.