பங்கு மாற்றுக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், முதலீட்டாளர் பணம் இன்னும் வரவில்லை

சோமனூர்த் தறி:

வணக்கமுங்க. கோயமுத்தூரில் ஒரே நிறுவனர்கள் நடத்தும் இரண்டு பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள். ஒன்று விசைத்தறியில் மாட்டும் கண்காணிப்புப் பெட்டி செய்கிறது. அதை 'அ' என்று வைத்துக்கொள்ளுங்க. மற்றொன்று அதற்கான மென்பொருள், அது 'ஆ'. நான் 'ஆ'வில் கணக்குப் பார்க்கிறேன். முகமதிப்பு 10 ரூபாய்க்கே வாங்கிய 400 பங்கு நான்கு வருடமாக என் பேரில் இருக்கிறது.

ஒரு முதலீட்டாளர் ரூ.1.5 கோடி போடுவதாக டெர்ம் ஷீட் (முதலீட்டு நிபந்தனைகளை எழுதிய உத்தேசக் கடிதம்) கொடுத்திருக்கிறார். முதல் தவணை 60 லட்சம், 1,000 தறியில் பெட்டி மாட்டி முடித்த பிறகு 90 லட்சம். அதற்கு முன் 'ஆ'வின் பங்கு எல்லாம் 'அ'வுக்குப் போக வேண்டும், பதிலுக்கு 'அ'வின் புதுப் பங்கு தருவார்கள் என்பது அவர் நிபந்தனை.

'அ': 50,000 பங்கு, மதிப்பு பங்குக்கு ரூ.840. 'ஆ': 10,000 பங்கு, பங்குக்கு ரூ.1,800. 'ஆ'வில் பழைய நட்டம் 90 லட்சம் நிற்கிறது. இரண்டுக்கும் சேர்த்து பேங்கில் 26 லட்சம், மாதச் செலவு 11 லட்சம், மில்லுகளிடம் வர வேண்டியது 38 லட்சம்.

இந்த வாரமே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். விகிதம் சரியா? எனக்கு வரி வருமா? போட மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்த முடியுமா?

பீளமேடு ஆடிட்டர்:

முதலில் விகிதம். 1,800-ஐ 840-ஆல் வகுத்தால் 2.142857, அதாவது 'ஆ'வின் 7 பங்குக்கு 'அ'வின் 15 பங்கு. உங்கள் 400-க்கு 857.14 வரும், கையில் 857. மீதிப் பின்னத்துக்குப் பணமா, விட்டுவிடுவதா என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்க. மாற்று முடிந்ததும் 'அ'வில் மொத்தம் 71,428 பங்கு, அதில் 'ஆ'காரர்கள் பங்கு 30 சதவீதம். 'ஆ'வில் 4 சதவீதம் வைத்திருந்த நீங்கள் இங்கே 1.2 சதவீதம். 1.8 கோடியையும் 4.2 கோடியையும் கூட்டினால் 6 கோடி, அதில் 1.8 கோடி 30 சதவீதம்தான். கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்த 840-ம் 1,800-ம் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அறிக்கையில் இருந்து வந்தவையா, நிறுவனர்கள் எக்செல்லில் போட்டவையா என்று கேளுங்க. பணம் வாங்காமல் பங்கைப் பங்காக வாங்கி முன்னுரிமை ஒதுக்கீடு (குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் புதுப் பங்கு) செய்யும்போது அந்த அறிக்கை கட்டாயம்.

அடுத்தது வரி. நான் சொல்லும் பிரிவு எண்கள் 1961 சட்டத்தினுடையவை. 1.4.2026 முதல் புதுச் சட்டத்தில் எண்கள் வேறு.

பங்குக்குப் பங்கு மாற்றுவதும் வரிச் சட்டத்தில் விற்பனைதான். கையில் ஒரு ரூபாய் வராவிட்டாலும் மூலதன ஆதாயம் வந்துவிடும். உங்களுக்குக் கிடைப்பது 857 × 840 = ரூ.7,19,880. வாங்கியது ரூ.4,000. ஆதாயம் ரூ.7,15,880. பட்டியலில் இல்லாத பங்கை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்ததால் நீண்டகாலம், 12.5 சதவீதம். வரி ரூ.89,485, செஸ் 4 சதவீதம் சேர்த்து ரூ.93,064 ஆகும். விற்க முடியாத பங்கை வாங்கிக்கொண்டு அத்தனையும் சம்பளப் பணத்தில் இருந்து அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். இதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்றால் அது பெரிய தவறு. விதி 11யுஏ கணக்கில் வரும் மதிப்பு நீங்கள் வாங்கும் மதிப்பைவிட அதிகம் என்றால் 50சிஏ பிரிவில் அந்த அதிக மதிப்பையே எடுப்பார்கள். அதையும் ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கி வையுங்க.

இதே இரண்டு கம்பெனியை மாற்றாமல் இணைத்தால், அதாவது 'ஆ'வையே 'அ'வுக்குள் கலைத்தால், 47(vii) பிரிவின்படி பங்குதாரருக்கு இப்போது வரி இல்லை. பழைய ரூ.4,000 விலையும் பழைய தேதியும் புதுப் பங்குக்கு வந்து சேரும். விற்கும் நாளில் வரி.

'ஆ'வின் 90 லட்சம் நட்டத்தையும் மறக்க வேண்டாம். 25.168 சதவீத வரி கட்டும் கம்பெனிக்கு அந்த நட்டத்தின் மதிப்பு ரூ.22.65 லட்சம். பங்கு எல்லாம் 'அ' பேருக்குப் போனால் 79-ஆவது பிரிவு குறுக்கே வரும். நட்டம் வந்த வருடத்தின் கடைசி நாளில் 51 சதவீத ஓட்டுரிமை வைத்திருந்தவர்கள் கையிலேயே அது தொடர வேண்டும் என்கிறது அது. மேலே நிறுவனர்கள் அவர்களேதானே என்று வாதாடலாம். தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன, நம்பிக் கணக்கில் எடுக்க முடியாது. தேய்மானப் பாக்கி (முந்தைய வருடங்களில் கழிக்க முடியாமல் நிற்கும் தேய்மானம்) மட்டும் இதில் அடிபடாது, எனவே 90 லட்சத்தில் அது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்க. இணைப்பில் 'ஆ'வின் நட்டத்தை 'அ' எடுத்துக்கொள்ள 72ஏ பிரிவில் வழி உண்டு. மென்பொருள் உற்பத்தியும் அதில் அடக்கம். ஆனால் 'ஆ' அந்தத் தொழிலை மூன்று வருடமாவது செய்திருக்க வேண்டும், இணைந்த பிறகு 'அ' ஐந்து வருடம் தொடர வேண்டும். அந்த நட்டத்தைக் கழிக்க முன்பெல்லாம் இணைந்த நாளில் இருந்து புதிதாக 8 வருடம் கிடைத்தது. 1.4.2025-க்குப் பிந்திய இணைப்புகளுக்குப் பழைய 8-ல் மீதி எத்தனையோ அத்தனைதான்.

அவினாசி ரோடு சிஎஸ் (கம்பெனி செக்ரட்டரி):

ஆடிட்டர் அண்ணன் சொன்னது சரிங்க. கட்டாயப்படுத்த முடியுமா என்ற கேள்விக்கு நான் சொல்கிறேன்.

மாற்று என்பது நீங்கள் உங்கள் பங்கை விற்பது. உங்கள் கையெழுத்து இல்லாமல் நடக்காது. ஒரே விதிவிலக்கு, பங்குதாரர் ஒப்பந்தத்திலோ ஆர்ட்டிகிள்ஸிலோ (கம்பெனியின் உள்விதிகள்) பெரும்பான்மை விற்றால் மற்றவரும் விற்க வேண்டும் என்ற ஷரத்து இருப்பது. ஆர்ட்டிகிள்ஸை எடுத்துப் படியுங்க. இணைப்பில் நிலைமை வேறு. சிறு கம்பெனிகள் கம்பெனிச் சட்டம் 233-ஆவது பிரிவின் விரைவு வழியில் போகலாம், தீர்ப்பாயம் வேண்டாம், சென்னை மண்டல இயக்குநர் அனுமதி போதும். மொத்தப் பங்கில் 90 சதவீதம் ஒத்துக்கொண்டால் மீதி 10 சதவீதமும் கட்டுப்படும். கூட்டத்துக்கு வந்தவர்களில் 90 இல்லை, மொத்தத்தில் 90. கடன்காரர்களிலும் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கு சம்மதம் வேண்டும், எனவே ஓவர்டிராஃப்ட் கொடுத்த பேங்கில் இப்போதே பேசி வைக்க வேண்டும். ஆட்சேபம் வராவிட்டால் மூன்று நான்கு மாதம் பிடிக்கும். தீர்ப்பாய வழியில் போனால் எட்டு மாதம், ஒரு வருடம் என்று இழுக்கும்.

உங்கள் கம்பெனியில் 26 லட்சத்தை 11-ஆல் வகுத்தால் இரண்டேகால் மாதம்தான். விரைவு இணைப்புகூட அதற்குள் முடியாது. நிறுவனர்கள் மாற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். அவசரம் அவர்களுக்கு, வரி உங்களுக்கு.

மாற்றுத்தான் என்றால் வேலையின் வரிசை முக்கியம். 'அ'வின் அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் எவ்வளவு? 50,000 பங்கு என்றால் ரூ.5 லட்சம் தீர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 71,428-க்கு ரூ.7,14,280 வேண்டும், பிறகு முதலீட்டாளருக்கும் இடம் வேண்டும். எனவே 10 லட்சமாக்கி எஸ்ஹெச்-7 (மூலதன உயர்வுப் படிவம்) போட வேண்டும். பிறகு 21 நாள் நோட்டீஸில் கூட்டம், சிறப்புத் தீர்மானம், எம்ஜிடி-14 (தீர்மானத்தைப் பதியும் படிவம்) கோவை ஆர்ஓசியில் (கம்பெனிப் பதிவாளர்) தாக்கல். அதைத் தாக்கல் செய்யும் முன் பங்கு வாங்க அழைக்கும் பிஏஎஸ்-4 கடிதம் யாருக்கும் போகக் கூடாது. பல கம்பெனிகள் இங்கேதான் சறுக்குகின்றன. 'அ' இவ்வளவு பெரிய பங்கை வாங்குவது, கம்பெனி செய்யும் முதலீட்டுக்கு 186-ஆவது பிரிவு வைத்த உச்சவரம்பைத் தாண்டினால் அதற்கும் அதே கூட்டத்தில் இன்னொரு சிறப்புத் தீர்மானம் போடலாம்.

முதலீட்டாளர் பணம் தனி பேங்க் கணக்கில்தான் விழ வேண்டும். 60 நாளில் பங்கு ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும், அதுவும் தவறினால் 12 சதவீத வட்டி. ஒதுக்கீடு முடிந்து பிஏஎஸ்-3 (ஒதுக்கீட்டு அறிக்கை) தாக்கலாகும் வரை ஒரு ரூபாய் தொடக் கூடாது. சம்பள நாள் வந்தது என்று கரண்ட் அக்கவுண்டில் வாங்கிச் செலவழித்தால் அபராதம் இயக்குநர்கள் தலையிலும் விழும். சிறப்புத் தீர்மானத்துக்கு 12 மாத ஆயுள்தான். 1,000 தறி மாட்ட அதற்கு மேல் ஆனால் 90 லட்சத்துக்குத் திரும்பக் கூட்டம், திரும்ப மதிப்பீடு.

இன்னொன்று. மாற்று முடிந்த அன்று 'அ' தாய்க் கம்பெனி, 'ஆ' துணைக் கம்பெனி. இரண்டும் சிறு கம்பெனி என்ற தகுதியை இழக்கும், டர்னோவர் எவ்வளவு குறைவாக இருந்தாலும். அந்த நிதியாண்டு முடிந்து 18 மாதத்துக்குள் பங்கு எல்லாம் டீமேட் ஆக வேண்டும், பணப்புழக்க அறிக்கையும் போட வேண்டும். டிபிஐஐடி (மத்திய அரசின் தொழில் வளர்ச்சித் துறை) தரும் ஸ்டார்ட்அப் சான்று இருந்தால் அதன் நிலையையும் பாருங்க. ஏற்கெனவே நடக்கும் தொழிலை மறுசீரமைத்து உருவான புதுக் கம்பெனிக்கு அது கிடைக்காது. புதிதாக ஒரு தாய்க் கம்பெனி தொடங்கி இரண்டையும் அதற்குக் கீழே வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் இதை நினைவில் வையுங்க.

சோமனூர்த் தறி:

ரொம்ப நன்றிங்க. ஆர்ட்டிகிள்ஸ் பார்த்தேன், அப்படி ஷரத்து இல்லை. தேய்மானப் பாக்கி 90-ல் 14 லட்சம். ஏனுங்க, கையெழுத்துப் போட்ட பிறகு முதலீட்டாளர் பின்வாங்கினால் என்ன ஆகும்? டெர்ம் ஷீட்டில் அவருக்கு 60 நாள் தனியுரிமை (அவரிடம் மட்டுமே பேசுவது) கொடுத்திருக்கிறார்கள்.

நொய்யல் கரை:

டெர்ம் ஷீட்டில் பொதுவாக இரகசியமும் தனியுரிமையும் மட்டுமே கட்டுப்படுத்தும். பணம் போடுவேன் என்பது கட்டுப்படுத்தாது. எனவே அவர் பின்வாங்கினால் வழக்குப் போட இடமில்லை. உங்கள் பங்கு மாறியது மாறியதுதான், வரியும் வந்ததுதான். அந்த 60 நாளும் நிறுவனர்கள் வேறு முதலீட்டாளரிடம் பேசக்கூட முடியாது.

ஆகவே மாற்று ஒப்பந்தத்தில் ஒரு முன்நிபந்தனை வையுங்க: முதல் தவணை 60 லட்சம் 'அ'வின் தனிக் கணக்கில் வந்து சேர்ந்த பிறகே பங்கு மாற்றம், இரண்டு ஒதுக்கீடும் ஒரே இயக்குநர் கூட்டத்தில், பிஏஎஸ்-3 அன்றே. கூடவே ஒரு கடைசித் தேதி, அதற்குள் நடக்காவிட்டால் ஒப்பந்தம் தானாக ரத்து. எஸ்ஹெச்-4 பங்கு மாற்றப் படிவத்தில் தேதி போடாமல் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டாம். இப்படிக் கேட்டால் நியாயமான முதலீட்டாளர் மறுக்க மாட்டார், அவருக்கும் அதே பாதுகாப்புத்தான்.

முதல் தவணைக்கே முழு உரிமை கேட்கிறாரா என்றும் பாருங்க. 840 விலையில் 60 லட்சத்துக்கு 7,142 பங்கு, நீங்கள் 1.09 சதவீதம். முழு 1.5 கோடிக்கு 17,857 பங்கு, நீங்கள் 0.96. 60 கொடுத்துவிட்டு 20 சதவீத ஓட்டும் வீட்டோவும் வாங்கிக்கொண்டு 90-ஐ நிறுத்தி வைப்பது நடக்கும்.

நடுவில் கம்பெனி ஓட வேண்டுமே. நிறுவனர்கள் உரிமை வெளியீடு செய்யலாம், இருக்கும் பங்குதாரர்களுக்கே என்பதால் முன்னுரிமை ஒதுக்கீட்டின் கெடுபிடி இல்லை, அவர்களுக்கு ஏழு நாள் அவகாசம் கொடுத்தால் போதும். இயக்குநர் தன் சொந்தப் பணத்தைக் கடனாகத் தரலாம், கடன் வாங்கிய பணம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். கன்வெர்டிபிள் நோட் (பின்னால் பங்காக மாற்றும் கடன்) என்றால் டிபிஐஐடி சான்று வேண்டும், ஒருவர் ஒரே தவணையில் 25 லட்சத்துக்குக் குறையக் கூடாது.

38 லட்சம் பாக்கியில் பெரிய எக்ஸ்போர்ட்டர்கள் யார் என்று பிரியுங்க. 250 கோடிக்கு மேல் டர்னோவர் உள்ள கம்பெனிகள் ட்ரெட்ஸில் (பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் வாங்கும் ஆன்லைன் தளம்) இருந்தாக வேண்டும், அந்தப் பில்லை அங்கே தள்ளுபடிக்கு விடலாம். பல்லடம், சோமனூர் பக்கத்துச் சின்னத் தறிக்காரர் பில் அங்கே போகாது, நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். டிடிஎஸ், பிஎஃப் இரண்டையும் தள்ளிப்போட விடாதீங்க. ஆட்களிடம் பிடித்த பணம் அது, தணிக்கையில் முதலீட்டாளர் ஆட்கள் முதலில் எடுப்பதும் அந்தச் சலான்களைத்தான். கணபதிப் பகுதியில் கேசிங் கடைசல் செய்து தரும் சின்னப் பட்டறைகளுக்கு 45 நாளைத் தாண்டி, வருடம் முடிந்தும் பாக்கி நின்றால் அந்தச் செலவும் அந்த வருடக் கணக்கில் கழியாது, பணம் கொடுக்கும் வருடத்தில்தான் கழியும்.

பீளமேடு ஆடிட்டர்:

14 போக 76 லட்சம் நட்டம் ஆபத்தில் இருக்கிறது, வரி மதிப்பு ரூ.19.13 லட்சம். இதை நிறுவனர்களிடம் எண்ணாகவே சொல்லுங்க. முதலீட்டாளர் 60 லட்சத்தை இப்போதே 'அ'வில் போட்டு, இணைப்பை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று பின்நிபந்தனையாக வைத்துக்கொண்டால் உங்கள் 93 ஆயிரமும் போகாது, 72ஏ பொருந்தினால் அந்த 19 லட்சமும் போகாது. அவருக்கு வேண்டியது மென்பொருள் 'அ'வின் கைக்குள் வருவது. அதுவரைக்கும் 'ஆ' தன் மூலநிரலை 'அ'வுக்குத் தனியுரிமை லைசென்ஸாகக் கொடுத்தால் அவர் பயமும் தீரும். கையெழுத்துக்கு முன் இந்த ஒரு யோசனையை மேசையில் வைத்துப் பாருங்க தம்பி.