டீன் ஏஜ் பிள்ளைங்க வாயே திறக்க மாட்டேங்கிறாங்க, நான் எங்க தப்பு பண்றேன்?

கருப்பட்டி காபி:

எல்லாருக்கும் தோத்திரம். உடன்குடி பக்கம் ஒரு சின்ன சிஎஸ்ஐ சபை எங்களது. எனக்கு வயசு 27, தூத்துக்குடில ஷிப்பிங் ஆபீஸ்ல வேலை, வாரம் பூரா அங்க ரூம்ல தங்கிட்டு சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்கு வந்துருவேன். போன வருஷம் ஈஸ்டர் முடிஞ்சதும் ஐயர் (எங்க சபை போதகர்) கூப்பிட்டு, தம்பி இந்த 13லருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க சண்டே ஸ்கூல்லயும் உக்கார மாட்டேங்குதுங்க, வாலிபர் ஐக்கியத்துலயும் ஒட்ட மாட்டேங்குதுங்க, நீ கொஞ்சம் பாத்துக்கன்னாங்க. நானும் யோசிக்காம சரின்னுட்டேன்.

லிஸ்ட்ல 19 பேர். ஆரம்பத்துல 16 பேர் வரைக்கும் வந்தாங்க. துபாய்ல இருக்க ஒரு அண்ணாச்சி காசு குடுத்து ப்ரொஜெக்டர் வாங்குனோம், கேம்ஸ் வச்சேன், குவிஸ் வச்சேன், மாசம் ஒரு நாள் பரோட்டா சால்னா. இப்ப வர்றது 6 பேர், அதுலயும் 2 பேர் அம்மா ஸ்கூட்டில கொண்டுவந்து வாசல்ல இறக்கி விடறதால வர்றாங்க.

போன மாசம் மொபைல் பத்தி ஒரு மெசேஜ் ரெடி பண்ணேன், ரெண்டு நாள் ராத்திரி முழிச்சு ஸ்லைடு எல்லாம் போட்டு 40 நிமிஷம் பேசி முடிச்சு, யாருக்காவது கேள்வி இருக்கான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ஒருத்தன் கைய தூக்குனான், எனக்கு அவ்ளோ சந்தோஷம். "அண்ணே, அந்த ஃபேன கொஞ்சம் கூட்டி வைக்கலாமா"ன்னான்.

இதுகூட பரவால்ல. 16 வயசு பையன் ஒருத்தன், கொயர்ல கீபோர்டு வாசிப்பான், ரெண்டு மாசமா ஆள காணோம். ஒரு நாள் பஸ் ஸ்டாப்புல பாத்துட்டேன், பாத்ததும் நான் கேட்டது என்ன தெரியுமா, "என்னடே சர்ச்சு பக்கமே காணோம்?" அவன் "வாரேண்ணே"ன்னுட்டு போன பாக்க ஆரம்பிச்சிட்டான். ஒரு வாரம் கழிச்சுதான் தெரியும், அவங்க அப்பாவுக்கு கிட்னி ஃபெயிலியர், டயாலிசிஸுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ திருநெல்வேலிக்கு கூட்டிட்டு போறதே அவன்தான்னு. ஊருக்கே தெரிஞ்சிருக்கு, அவன பாத்துக்கிறேன்னு சொன்ன எனக்கு தெரியல.

பிரசங்கியார் ஆகணும்னுலாம் எனக்கு ஆசை இல்ல. இந்த பிள்ளைங்களுக்கு ஒண்ணுன்னா அண்ணன்கிட்ட சொல்லலாம்னு ஒரு நெனப்பு வரணும், அவ்ளோதான். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

சண்டே ஸ்கூல் அக்கா (பாளையங்கோட்டை):

தம்பி மொதல்ல அந்த 40 நிமிஷத்த விடுங்க 😄 பவுல் அப்போஸ்தலன் பேசியே ஐத்திகுன்னு ஒரு வாலிபன் ஜன்னல்ல உக்காந்து தூங்கி மூணாவது மெத்தைல இருந்து விழுந்தான், நீங்களும் நானும் எம்மாத்திரம். ஆனா அந்த இடத்துல ஒண்ண கவனிச்சிருக்கீங்களா, பவுல் பிரசங்கத்த நிறுத்திட்டு கீழ இறங்கிப்போய் அவன கட்டிப்பிடிச்சாரு. அந்த இறங்கிப்போறதத்தான் நாம பண்றதில்ல.

நான் 22 வருஷமா பிள்ளைங்களோட இருக்கேன். எனக்கு தெரிஞ்சது ஒண்ணுதான், இந்த வயசு பிள்ளைங்கள எதுக்க உக்கார வச்சு கேட்டா பேசாதுங்க, கைல ஒரு வேலைய குடுத்து பக்கத்துல நின்னா பேசும். எங்க சபைல அசனத்துக்கு, அதான் சபை விருந்துக்கு, முந்தின ராத்திரி ஹால்ல மூட்டை மூட்டையா வெங்காயம் உரிப்போம். ஒரு பத்தாங்கிளாஸ் பையன், வருஷம் பூரா என்கிட்ட ஆமா, இல்லக்கா, இந்த ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினதில்ல, அன்னைக்கு பன்னெண்டு மணி வாக்குல வெங்காயத்த உரிச்சுக்கிட்டே என்ன பாக்காமலே "அக்கா எங்க வீட்ல அப்பாவும் அம்மாவும் மூணு மாசமா பேசிக்கிறதில்ல"ன்னான். கண்ணுல தண்ணி. வெங்காயம்னு நெனச்சுக்கிடுவாங்கன்னு அவனுக்கு ஒரு தைரியம். நானும் நிமிந்து பாக்கல, ம் ம்னு கேட்டுக்கிட்டே உரிச்சேன். பதிலுக்கு வசனம் எதுவும் சொல்லல, மறுநாள் பந்தில அவனுக்கு ரெண்டு துண்டு கறி சேத்து வைக்க சொன்னேன், அவ்ளோதான். இன்னைக்கு அவனுக்கு கல்யாணம் ஆகி குழந்தை இருக்கு, இப்பவும் போன் பண்ணுவான்.

குடில் கட்டறது, ஸ்டார் ஒட்டறது, கேரல் ரவுண்ட்ஸ்ல ஒரு தெருவுல இருந்து அடுத்த தெருவுக்கு நடக்கிற அந்த அஞ்சு நிமிஷம், இதெல்லாம்தான் நம்ம கிளாஸ். கேரல்ல பாட்டு பாடறப்ப எதுவும் நடக்காது, நடக்கறப்பதான் நடக்கும்.

இன்னொண்ணு, ஒரு நோட்டு போடுங்க. பிள்ளைக்கு ஒரு பக்கம். வசனம் எழுத இல்ல. யாருக்கு என்னைக்கு பரீட்சை, எந்த பிள்ளையோட ஆச்சிக்கு கண் ஆபரேஷன், யார் வீட்ல நாய் குட்டி போட்டிருக்கு, இதெல்லாம் எழுதி வச்சு அடுத்த வாரம் பாத்ததும் அத கேளுங்க. ஏன் வரலன்னு மட்டும் கேக்காதீங்க, அத கேக்க வீட்லயே நாலு பேர் இருக்காங்க. எம்மாவு ஊருக்கு போன ரெண்டு பேர்கூட இயேசு போய் சேந்து நடந்து என்ன பேசிட்டு போறீங்கன்னுதான் மொதல்ல கேட்டாரு, அவர் செத்துப்போன கதையவே அவர்கிட்ட அவங்க முழுசா சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுட்டுதான் வேதவாக்கியத்த எடுத்தாரு.

---

கடைசி பெஞ்ச்:

அந்த ஃபேன் கேட்டவன் நான்தான்னு வச்சுக்கோங்க. இப்ப 24, பெங்களூர்ல ஐடி. கோவிச்சுக்காம படிங்க.

எங்க சபைல திடப்படுத்தல் கிளாஸ் நடந்துச்சு, முதல் தடவ திருவிருந்து எடுக்கறதுக்கு முந்தி நடக்கறது, பத்து கட்டளை, விசுவாசப் பிரமாணம் எல்லாம் மனப்பாடம். என் கூட படிச்ச ஒருத்தன் அதுக்கு கொஞ்ச நாள் முந்தி பைக் ஆக்சிடென்ட்ல இறந்துட்டான், நாங்க எல்லாரும் ஆஸ்பத்திரி வாசல்ல முட்டி போட்டு ஜெபம் பண்ணோம். கிளாஸ்ல அத கேட்டேன், ஏன் சார் ஆண்டவர் எங்க ஜெபத்த கேக்கலன்னு. இப்படியெல்லாம் கேக்கறது அவிசுவாசம், உக்காருன்னுட்டாங்க. உக்காந்தேன். பிஷப் வந்து தலைல கை வச்சாரு, திருவிருந்து எடுத்தேன், அதோட காலேஜ் முடியற வரைக்கும் சர்ச்சு பக்கம் போகல. திடப்படுத்தல்னா நம்ம ஊர்ல ஃபேர்வெல் பார்ட்டின்னு காமெடி பண்ணுவோம்ல, எனக்கு அது நெஜமாவே அப்படித்தான்.

ரெண்டாவது விஷயம் ஜெபக்குறிப்பு. நான் ஒரு லீடர்கிட்ட, ரொம்ப நம்பி, வீட்டு விஷயம் ஒண்ணு சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமையே பெண்கள் ஐக்கிய சங்கத்துல என் பேர சொல்லி ஜெபிச்சிருக்காங்க. எங்க அம்மா அங்க உக்காந்திருந்தாங்க!! அதுக்கப்புறம் யார்கிட்ட என்னத்த சொல்ல. ப்ரொஜெக்டர், பரோட்டா எல்லாம் அப்புறம், ஒரு பையன் உங்ககிட்ட சொன்னது உங்க வாய தாண்டாதுன்னு பசங்களுக்குள்ள ஒரு பேச்சு இருந்தா போதும், தானா வருவாங்க. எங்க இன்ஸ்டா ஸ்டோரிய பாத்துட்டு அம்மாகிட்ட போட்டு குடுக்கற வேலையும் வேணாம்.

திரும்ப எப்படி வந்தேன்னு கேட்டா, எங்க ஊர்ல மைக் செட் போடற ஒரு மாமா. அவருகிட்ட வயர் சுத்தி குடுத்துட்டு இருந்தப்ப அதே கேள்விய கேட்டேன். "எனக்கும் தெரியலடே, எங்க அண்ணன் செத்தப்ப நானும் அத கேட்டேன்"னாரு. அப்புறம் 13ம் சங்கீதத்த படிச்சு பாருன்னாரு. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு ஆரம்பிக்கும். இப்படியெல்லாம் பைபிள்லயே கேட்டிருக்காங்கன்னு எனக்கு அதுவரைக்கும் யாரும் சொன்னதே இல்ல. அவருக்கு பிரசங்கம் எல்லாம் பண்ண தெரியாது.

---

மருதாணி:

நான் ஒரு ஸ்கூல்ல கவுன்சிலரா இருக்கேன், சபைலயும் பிள்ளைங்கள பாக்குறேன். மேல அந்த தம்பி சொன்னது நூத்துக்கு நூறு சரி, ஆனா ஒரு இடத்துல மட்டும் நிறுத்தணும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியம்"னு எந்த பிள்ளைகிட்டயும் வாக்கு குடுத்துறாதீங்க. உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா நான் ஒருத்தர்கிட்ட சொல்ல வேண்டி வரும், ஆனா உன்கிட்ட சொல்லாம சொல்ல மாட்டேன்னு முதல்லயே சொல்லிருங்க. பிள்ளைங்க அத ஏத்துக்கிடும், நான் பாத்திருக்கேன்.

ஏன்னா 18 வயசுக்கு உட்பட்ட ஒரு பிள்ளைக்கு பாலியல் தொல்லை நடந்திருக்குன்னு உங்களுக்கு தெரிய வந்தா போலீசுக்கு சொல்லியே ஆகணும், 2012 போக்சோ சட்டத்துல 19வது பிரிவு. சொல்லாம மறைச்சா 6 மாசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. சபை பேரு கெட்டுரும், கமிட்டில பேசி முடிச்சுக்கலாம்ங்கிற பேச்சுக்கே இடமில்ல, பண்ணினவர் எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் சரி. 1098 சைல்டுலைன் நம்பர், 14416 மனநல உதவிக்கு, ரெண்டையும் ஹால் சுவத்துல பெருசா எழுதி ஒட்டுங்க, பிள்ளைங்க உங்க முன்னாடி குறிச்சுக்காது ஆனா பாத்து வச்சுக்கிடும்.

அப்புறம் நீங்க கல்யாணமாகாத பையன்னு நெனக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பொம்பள பிள்ளைங்களுக்கு ஒரு அக்காவ கண்டிப்பா கூட சேத்துக்கோங்க, ராத்திரி பதினோரு மணிக்கு தனி சாட் வேணாம், தனியா பைக்ல கொண்டு விடறது வேணாம், கதவ பூட்டிட்டு கவுன்சிலிங் வேணவே வேணாம். ஆம்பள பிள்ளைங்களுக்கும் இதே ரூல்தான்.

---

ரிட்டயர்டு வாத்தியார்:

அக்கா சொன்னதுல பாதிதான் எனக்கு சம்மதம். சும்மா பேசி பழகி பரோட்டா தின்னா மட்டும் போதாது, அதுக்கு ஊர்ல டீக்கடை இருக்கு. பிள்ளையளுக்கு வேதத்த ஒழுங்கா படிச்சு குடுக்கணும். ப்ளஸ் டூல பிசிக்ஸ் டெரிவேஷன் போடுத பிள்ளைக்கு சர்ச்சுல இன்னமும் விபிஎஸ் (லீவுல சின்ன பிள்ளையளுக்கு நடக்குத பைபிள் கிளாஸ்) ஆக்‌ஷன் சாங்கும் நோவா பேழை கலரிங்கும் குடுத்தா அது எப்படி இருக்கும்? யோபு புஸ்தகத்த எடுங்க, ரோமர் எடுங்க, சண்டை போடட்டும், பதில் தெரியலைன்னா அடுத்த வாரம் பாத்துட்டு வாரேன்னு சொல்லுங்க. பன்னெண்டு வயசுல இயேசுவே தேவாலயத்துல போதகர்கள்கிட்ட கேள்வி கேட்டுக்கிட்டுதான் உக்காந்திருந்தாரு.

இன்னொன்னு வேலை. நம்ம சபைகள்ல சி.இ., கிறிஸ்தவ முயற்சி சங்கம்னு ஒண்ணு இருந்துச்சே, பழைய ஆளுகளுக்கு தெரியும். 1881ல அமெரிக்காவுல போர்ட்லேண்ட்ங்கிற ஊர்ல பிரான்சிஸ் கிளார்க்னு ஒரு போதகர் ஆரம்பிச்சது. அவரு செஞ்சது என்ன, வாலிபர் கூட்டத்த வாலிபர்கிட்டயே குடுத்துட்டாரு. வாரவாரம் வரணும், வந்தா சும்மா உக்காராம ஏதாவது ஒரு பங்கு எடுக்கணும்னு உறுதிமொழி. அதுல ஒரு கமிட்டி உண்டு, புதுசா ஆள் சேக்கதுக்கும், யாரு வரல ஏன் வரலன்னு போய் பாக்கதுக்கும். அதுவும் பிள்ளைகளே. உங்க கீபோர்டு தம்பி விஷயம் உங்களுக்கு தெரியாம போனதுக்கு காரணம், 19 பேரையும் நீங்க ஒரே ஆளு பாக்கணும்னு நெனச்சதுதான். கூட உள்ள பயலுவளுக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கும்லா?

நிஜமான வேலையா குடுக்கணும். நாற்காலி தூக்க மட்டும் கூப்பிட்டா அது வாலிபர் ஊழியம் இல்ல, கூலி இல்லாத சுமடு. ஒரு ஞாயிறு ஆராதனைல வேதபாடம் வாசிக்க, ஜெபம் பண்ண, காணிக்கை எண்ண விடுங்க. (காணிக்கை எண்ண கமிட்டி விடாது, தெரியும்.)

அப்புறம் வீடு. தீமோத்தேயுவோட விசுவாசத்த பவுல் எழுதும்போது பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள் பேரத்தான் எழுதுதாரு. நீங்க வாரத்துல ஒரு மணி நேரம் பாக்கீங்க. அந்த ஸ்கூட்டி அம்மாகிட்ட என்னைக்காவது உக்காந்து பேசியிருக்கீங்களா?

---

கருப்பட்டி காபி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வாத்தியார் ஐயா கடைசி கேள்விக்கு பதில், இல்ல. பேசினதில்ல.

போன சனிக்கிழமை அந்த கீபோர்டு தம்பி வீட்டுக்கு போனேன். சர்ச்சு பத்தி வாயே திறக்கக்கூடாதுன்னு பஸ்லயே முடிவு பண்ணிட்டேன். போனா தண்ணி மோட்டார் ஓடலன்னு கழட்டி போட்டுட்டு உக்காந்திருந்தான், எனக்கு மோட்டார் பத்தி ஒண்ணும் தெரியாது, டார்ச் மட்டும் புடிச்சேன். முக்கா மணி நேரம். கெப்பாசிட்டர் போயிருக்கு, நாளைக்கு கடைல வாங்கணும்ன்னான். கிளம்புறப்ப வாசல் வரைக்கும் வந்து, ப்ளஸ் டூ முடிச்சு காலேஜ் வேணாம், வேலைக்கு போயிரலாம்னு இருக்கேன், உங்க ஆபீஸ்ல எடுப்பாங்களாண்ணேன்னு கேட்டான். எனக்கு என்ன சொல்லன்னு தெரியல, விசாரிக்கிறேன்னேன், அப்புறம் பாலிடெக்னிக் ஃபீஸ், ஸ்காலர்ஷிப் பத்தியும் ரெண்டு பேர்கிட்ட கேட்டு வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வரல. நோட்டு ஒண்ணு வாங்கிட்டேன் அக்கா, 19 பக்கம் போட்டிருக்கேன், 11 பக்கத்துல பேரத்தவிர எழுத எனக்கு ஒண்ணும் தெரியல.

---

சண்டே ஸ்கூல் அக்கா:

அவங்க அப்பாவுக்கு டயாலிசிஸ் எந்தெந்த கிழமை தம்பி? காலைலயா மத்தியானமா? நான் திருநெல்வேலி பக்கத்துலதான இருக்கேன், சொல்லுங்க, ரெண்டு பேருக்கும் சாப்பாடு கொண்டு போய் குடுத்துட்டு வாரேன்.