சபை மூப்பருக்கும் இளம் குடும்பத்துக்கும் இடையே மனத்தாங்கல்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பல்லடம் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய சபையின் கமிட்டியில் இருக்கிறேன். கடந்த அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த பொருட்களை விடும் ஏலத்தில் எடுத்த பொருளுக்குப் பணம் கட்டத் தாமதித்த ஒரு சகோதரரை, ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் எங்கள் மூப்பர் (சபையின் மூத்த பொறுப்பாளர்) கடிந்துகொண்டார். விசைத்தறிக்கூலி நின்றுபோய் அவர் கடனில் இருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தக் குடும்பம் ஆலயத்துக்கு வருவதில்லை.

தவறு செய்தவரிடம் தனியே பேசச் சொல்லும் வேதவசனமான மத்தேயு 18:15-இல் உள்ளபடி முதலில் நான் மூப்பரைத் தனியே சந்தித்தேன். "உண்மையைத்தானே சொன்னேன்" என்றார். பிறகு அடுத்த வசனத்தின்படி மூத்த விசுவாசிகள் இருவரோடு போனபோதும் அதே பதில்தான். போதகரோ அந்தக் குடும்பத்திடம் சென்று, ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்ன பகுதியை வாசித்து ஜெபித்துவிட்டு வந்தார். காயப்பட்டவரிடமே முதலில் மன்னிப்பை எதிர்பார்ப்பது முறையல்ல என்பது என் எண்ணம். கலாத்தியர் 6:1 சாந்தமுள்ள ஆவியோடு சீர்ப்படுத்தச் சொல்கிறது, ஆனால் சாந்தமாகப் பேசினால் மூப்பர் அதைப் பொருட்படுத்துவதே இல்லை.

மீதமிருப்பது 17-ஆம் வசனம், அதாவது சபைக்குத் தெரியப்படுத்துவது. அப்படிச் செய்தால் அந்தச் சகோதரரின் கடன் விவரம் மறுபடியும் பொதுவில் பேசப்படும். அவர் மனைவி அதை வேண்டாம் என்கிறார்.

அவர்களை மீண்டும் அவமானத்துக்கு உள்ளாக்காமல் மூப்பருக்குத் தவற்றை உணர்த்த, உங்கள் சபைகளில் எந்த வழி பலன் தந்தது?