பிட்ச்சர் பையன் கைய உதறுறான், பெரியவங்க பால் ஃபோருக்கு சண்டை போடுறாங்க

பிளேட்டுக்குப்_பின்னால:

ஆறு வருஷமா லிட்டில் லீக்ல, அதாவது பசங்க பேஸ்பால் லீக்ல, அம்பயரிங் பண்றேன், சம்பளம் கிடையாது, 11-12 வயசு பசங்க டிவிஷன். போன சனிக்கிழமை நடந்தத அப்படியே எழுதிடுறேன், இந்த வேலைய நான் தொடரணுமா விடணுமான்னு நீங்க சொல்லுங்க.

மவுண்ட்ல, அதாவது பிட்ச்சர் பந்து போடுற மேட்டுல, நின்ன பையனுக்கு பன்னெண்டு வயசு, நல்ல கை. முதல் மூணு இன்னிங்ஸ்ல எதிர் டீம்ல யாரும் பந்த ஒழுங்கா தொடவே இல்ல. நாலாவதுல இருந்து ஒவ்வொரு பந்து போட்டதும் கைய தொங்க விட்டு உதறுறான், விரல மடக்கி மடக்கி விரிக்கிறான், பந்து எல்லாம் மேல மேல போகுது. அஞ்சாவது இன்னிங்ஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துல போய் "கை வலிக்குதாப்பா"ன்னு கேட்டேன். அவன் முதல்ல டக்அவுட்ட (அவன் டீமும் மேனேஜரும் உக்காந்திருக்கிற இடம்) திரும்பிப் பாத்தான், அப்புறம்தான் "இல்ல"ன்னான். அந்தப் பார்வை இன்னும் எனக்குள்ளயே நிக்குது.

மேனேஜர் கிட்ட போய் மெதுவா சொன்னேன். "71 பந்துதான் போட்டிருக்கான், ஒரு நாளைக்கு லிமிட் 85, நீங்க பால் ஸ்ட்ரைக் மட்டும் பாருங்க"ன்னார். அடுத்த பேட்டருக்கு ஃபுல் கவுண்ட்ல (மூணு பால், ரெண்டு ஸ்ட்ரைக்) வெளியில தாழ்வா ஒரு பந்து. எல்லைக்குள்ள வந்தா ஸ்ட்ரைக், வெளிய போனா பால்; நான் பால்னு சொன்னேன். நாலாவது பால், பேட்டர் அடிக்காமலே ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போகலாம், அதுதான் வாக். அவ்ளோதான், டக்அவுட்ல இருந்து ஒருத்தர், வலைக்குப் பின்னால இருந்து நாலு பேர், எல்லாம் என் மேலதான். மேட்ச் முடிஞ்சதும் அந்தப் பையனோட அப்பா பார்க்கிங்ல என் கார் வரைக்கும் கத்திக்கிட்டே வந்தார். என் கூட பேஸ் அம்பயரா (பேஸ்கள பாத்துக்கிற அம்பயர்) நின்னது பதினஞ்சு வயசு பொண்ணு, அது கார்ல உக்காந்து அழுதுச்சு, இனிமே வரமாட்டேன்னு சொல்லிடுச்சு.

என் கருத்து இதுதான்: அந்தப் பையன் கைல இருந்த வலியும் என் மேல வந்த கத்தலும் ஒரே இடத்துல இருந்துதான் வருது, ஜெயிச்சே ஆகணும்ங்கிற பெரியவங்க கிட்ட இருந்து.

கோச்_மணி:

சார், பார்க்கிங் வரைக்கும் வந்தது தப்பு, அத நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனா மத்ததுல உங்க கூட ஒத்துப்போக முடியல. 71ங்கிறது விதிக்குள்ள இருக்கு. பசங்க கைய உதறுறது சாதாரணம், பதட்டத்துல உதறுவான், வியர்வைக்கு உதறுவான், நீங்க டாக்டர் இல்ல. நானும் எட்டு வருஷமா கோச்சிங் பண்றேன், என் பசங்கள எனக்குத் தெரியும், யார் நிஜமா சோர்ந்துட்டான், யாருக்கு வெறும் பயம்னு முகத்த பாத்தே சொல்லிடுவேன்.

இன்னொண்ணு, அம்பயர் மேல கோபம் வர்றதுக்கு காரணமே இல்லாத மாதிரி எழுதுறீங்களே. ஒரே மேட்ச்ல முதல் இன்னிங்ஸ்ல முட்டிக்குக் கீழ வந்த பந்து ஸ்ட்ரைக், நாலாவது இன்னிங்ஸ்ல அதே பந்து பால். பேட் கூட தூக்காம அவுட்டாகி உள்ள வர்ற பையன் "நான் என்ன தப்பு பண்ணேன் கோச்"ன்னு கேட்டா நான் என்ன சொல்றது? அவனுக்காக பேசாம வாய மூடிக்கிட்டு நிக்கிற கோச் எதுக்கு?

ரெண்டு_பிட்ச்சர்_அம்மா:

மணி சார், முகத்த பாத்தே சொல்லிடுவேன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் எனக்கு வயித்த கலக்குது. என் பெரியவன் முகத்த நான் பாக்காததா? அவன் பதினோரு வயசுல லீக் டீமுக்கும் ஊர் ஊரா போய் ஆடுற டிராவல் டீமுக்கும் ரெண்டுத்துக்கும் பிட்ச் பண்ணான். சனிக்கிழமை இங்க 60 பந்து, ஞாயித்துக்கிழமை அங்க 50, ரெண்டு கோச்சும் அவங்கவங்க நோட்ல விதிப்படிதான் எழுதி வச்சிருந்தாங்க, ரெண்டு நோட்டையும் சேத்து வச்சு பாக்க ஒருத்தரும் இல்ல, நானும் பாக்கல. ஒரு நாள் காலைல பல்லு தேய்க்க கை மடக்க முடியல. டாக்டர் ரெண்டு முழங்கையையும் எக்ஸ்ரே எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு காமிச்சார், வலது கைல மட்டும் உள்பக்கம் எலும்பு வளர்ற இடத்துல ஒரு கருப்பு இடைவெளி அகலமா இருந்துச்சு. லிட்டில் லீக் எல்போன்னே அதுக்குப் பேரு. விளையாட்டு பேர்லயே ஒரு வியாதி இருக்குன்னா எத்தனை பசங்களுக்கு வந்திருக்கணும் யோசிங்க. மூணு மாசம் பந்தே தொடக்கூடாதுன்னுட்டாங்க.

அப்ப உக்காந்து படிச்சதுதான் இதெல்லாம். 2006ல வந்த ஒரு ஆராய்ச்சில, ஆபரேஷன் வரைக்கும் போன பதின்வயசு பிட்ச்சருங்களையும் நல்லா இருக்கிறவங்களையும் ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க, கை சோர்ந்த பிறகும் வழக்கமா போட்டுக்கிட்டே இருந்தவங்க ஆபரேஷனுக்குப் போற வாய்ப்பு 36 மடங்கு. ஒரு மேட்ச்ல 80க்கு மேல போட்டவங்களுக்கு ஏறக்குறைய 4 மடங்கு. இப்ப எது பெரிய ஆபத்துன்னு பாருங்க. நம்பர விட சோர்வுதான். அம்பயர் சார் பாத்தது அந்த சோர்வத்தான்.

கோச்_மணி:

மேடம், உங்க பையனுக்கு நடந்தது கஷ்டமா இருக்கு. ஆனா அது டிராவல் டீம் பிரச்சினை, லீக் கோச் மேல ஏன் வருது? லிட்டில் லீக் 2007லயே இன்னிங்ஸ் கணக்க விட்டு பிட்ச் கணக்குக்கு மாறிடுச்சு, 9-10 வயசுக்கு 75, 11-12க்கு 85, 66ஓ அதுக்கு மேலயோ போட்டா நாலு நாள் ரெஸ்ட், 41 போட்டவன் அன்னிக்கு கேட்ச்சரா (பேட்டருக்குப் பின்னால பந்து பிடிக்கிறவர்) நிக்க முடியாது. இத்தனை வேலி போட்டிருக்காங்க. வேலிக்குள்ள நிக்கிறவன போய் திருடன்னு சொன்னா எப்படி?

பசங்களும் சும்மா இல்ல. மாத்துறேன்னு சொன்னா அழுறான், பந்த கைல குடுக்க மாட்டேங்கிறான். அந்த ஆசையையும் மதிக்கணும்ல.

ஞாயிறு_செகண்ட்பேஸ்:

நான் பெரியவங்க லீக்ல ஆடுறவன், வயசு 43, ஞாயித்துக்கிழமை மரப் பேட் லீக். மணி அண்ணன் சொல்றதுல ஒரு விஷயம் சரி, அம்பயருக்கு பயிற்சி பத்தல, எங்க லீக்ல பாதிப் பேர் விதிப்புத்தகத்த பிரிச்சே பாத்தது இல்ல.

ஆனா ஆசைய மதிக்கணும்னு சொன்னீங்களே அண்ணே, அந்த ஆசை வளந்து பெரியவனானா எப்படி இருக்கும்னு வந்து பாருங்க. ரெண்டு மாசம் முன்னாடி ஹோம் பிளேட்ல (ரன்னர் ஓடி வந்து ரன் எடுக்கிற இடம்) ஒரு க்ளோஸ் ப்ளே. அதுக்கு முந்தின இன்னிங்ஸ்ல ஒரு தப்பான அவுட் குடுத்ததுக்கு ரன்னருக்கு அம்பயர் மேல கோபம், அந்தக் கோபத்த அம்பயர் மேல காட்ட முடியல, கேட்ச்சர் மேல போய் தோளால இடிச்சான். எங்க கேட்ச்சருக்கு கணுக்கால் ரெண்டு இடத்துல போச்சு. மனுஷன் ஏணி ஏறி வேலை செய்றவர். திங்கக்கிழமை வேலைக்கு போகணும்ங்கிற நினைப்பு யாருக்காவது இருந்துச்சா அந்த நேரத்துல? 2011ல அமெரிக்காவோட பெரிய லீக் (மேஜர் லீக்) கேட்ச்சர் பஸ்டர் போஸிக்கு இதே மாதிரி மோதல்ல கால் போனப்பறம்தான் பேச்சு கிளம்பி, 2014ல பெரிய லீக்லயே ஹோம் பிளேட் மோதலுக்கு விதி போட்டாங்க. நமக்கு அந்த விதி தெரியும், கோபத்துல யாருக்கும் ஞாபகம் வர்றது இல்ல.

இன்னொண்ணு சொல்லிடுறேன், இத யாரும் பேசுறது இல்ல. பந்து நெஞ்சுல சரியான கணத்துல பட்டா இதயத் துடிப்பே தடுமாறி நின்னுடும், அதிகமா நடக்கிறது பசங்களுக்குத்தான், மார்பு எலும்பு இன்னும் இளசா இருக்கிறதால. அப்ப காப்பாத்துறது சிபிஆரும் ஷாக் குடுக்கிற ஏஇடி மெஷினும்தான், அதுவும் சில நிமிஷத்துக்குள்ள. எங்க மைதானத்துல அந்த மெஷின் பூட்டின அறைல இருந்துச்சு, சாவி வச்சிருக்கிறவர் அன்னிக்கு வரவே இல்ல. பால் ஃபோருக்கு அரை மணி நேரம் சண்டை போட்டோம், சாவி எங்கன்னு ஒருத்தன் கேக்கல.

பிளேட்டுக்குப்_பின்னால:

மணி சார், அன்னிக்கு அந்தப் பந்து ஸ்ட்ரைக்கா கூட இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து நூறு தடவ மனசுல ஓட்டிப் பாத்துட்டேன், நிச்சயமா சொல்ல முடியல. தப்பு பண்ண மாட்டேன்னு நான் சொல்லவே இல்ல.

2010 ஜூன் 2, டெட்ராய்ட்ல மேஜர் லீக் பிட்ச்சர் அர்மாண்டோ கலராகா 26 பேர வரிசையா அவுட் பண்ணிட்டார், இன்னும் ஒருத்தர் அவுட்டானா பெர்ஃபெக்ட் கேம், அதாவது எதிர் டீம்ல ஒருத்தர் கூட பேஸுக்கு வராத மேட்ச். ஃபர்ஸ்ட் பேஸ்ல அம்பயர் ஜிம் ஜாய்ஸ் அவுட்ட சேஃப்னு சொல்லிட்டார். கலராகா ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு மவுண்டுக்குப் போய் அடுத்த ஆள அவுட் பண்ணார். ஜாய்ஸ் வீடியோ பாத்துட்டு நேர்ல போய் மன்னிப்பு கேட்டார். மறுநாள் லைன்அப் கார்ட (அன்னிக்கு ஆடுறவங்க பட்டியல்) கலராகா கொண்டு வந்து குடுக்கிறார், ஜாய்ஸ் கண்ண துடைச்சுக்கிட்டே வாங்கினார். வாழ்க்கைல ஒரு தடவ வர்றத இழந்த மனுஷன் அப்படி நடந்துக்கிட்டார். நம்ம ஆளுங்க இழந்தது ஒரு வாக்.

அப்புறம் இன்னொரு விஷயம். ஸ்கூல் பேஸ்பால் விதில தலைல அடிபட்ட அறிகுறி தெரிஞ்சா அம்பயரே அந்தப் பையன வெளில அனுப்பணும்னு இருக்கு. முழங்கைக்கு அப்படி எதுவும் இல்ல. நான் பாக்கிறேன், ஆனா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. கேக்கத்தான் முடியும். கேட்டதுக்கே இந்த வசவு.

கோச்_மணி:

ஜாய்ஸ் நல்ல மனுஷன், சரி. ஆனா அதுக்கப்பறம் என்ன ஆச்சு? 2014ல அம்பயர் முடிவ வீடியோல சரிபாக்கிற ரீப்ளேய விரிவாக்கினாங்க, 2026ல இருந்து பால் ஸ்ட்ரைக்குக்கே மெஷின் கிட்ட முறையிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. பெரிய லீக்கே கேள்வி கேக்க வழி வச்சிருக்கு. நான் டைம் கேட்டு வந்து மரியாதையா கேள்வி கேட்டா அதையும் ஜெயிச்சே ஆகணும்ங்கிற ஈகோன்னு சொல்ற மாதிரி இருக்கு. அம்பயருக்கு ஈகோவே கிடையாதா? "இன்னொரு வார்த்தை பேசினா வெளிய"ன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு வர்ற அம்பயர நான் நிறைய பாத்திருக்கேன், மாஸ்க்க கழட்டி வீசிட்டு வந்தவர் கூட உண்டு.

ரெண்டு_பிட்ச்சர்_அம்மா:

அங்க மரியாதையா கேக்கிறது ஒரு ஆள், சார். வலைக்குப் பின்னால நாலு பேர் கத்துறது அது இல்ல. 2019ல கொலராடோ லேக்வுட்ல ஏழு வயசு பசங்க மேட்ச்ல பெரியவங்க மைதானத்துக்குள்ளயே அடிச்சுக்கிட்டாங்க, போலீஸ் வீடியோவே வெளியிட்டுச்சு. அம்பயருக்கு என்ன வயசு தெரியுமா, 13. நியூ ஜெர்சி டெப்ட்ஃபோர்ட்ல 2023ல லிட்டில் லீக் ஒரு விதியே போட்டாங்க, அம்பயர கத்துற பெற்றோர் மூணு மேட்ச் தானே அம்பயரா நின்னாத்தான் மறுபடி மைதானத்துக்கு வரலாம்னு. தன்னார்வ அம்பயருங்க விலக ஆரம்பிச்சதால வந்த விதி அது. ஆளே இல்லாம போனா யார கேள்வி கேப்பீங்க?

அப்புறம் நீங்க சொன்ன வேலி. பிட்ச் கணக்கு எழுதுறவர் சொல்ல மறந்தாலும் லிமிட் தாண்டினா பொறுப்பு மேனேஜருக்குத்தான்னு விதிலயே இருக்கு. 85ங்கிறது அதுக்கு மேல போகாதேன்னு சொல்றது. அது வரைக்கும் போட்டே ஆகணும்னு யாரும் சொல்லல. என் சின்னவனுக்கு நான் இப்ப பந்து எண்ற கிளிக்கர் வச்சு எல்லா டீமுக்கும் சேத்து ஒரே நோட்ல எழுதுறேன், வருஷத்துல நாலு மாசம் பிட்சிங்கே கிடையாது, அதுதான் பசங்க பிட்ச்சருக்கான பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி சொல்றதும். முன்னாள் பிட்ச்சர் ஜான் ஸ்மோல்ட்ஸ் 2015ல ஹால் ஆஃப் ஃபேம் (பேஸ்பால் ஜாம்பவான்களுக்கு குடுக்கிற கௌரவம்) மேடைல நின்னு கெஞ்சாத குறையா பெற்றோர் கிட்ட இதத்தான் சொன்னார், டாமி ஜான்ங்கிற முழங்கை ஆபரேஷன் பண்ணிக்கிட்ட பிட்ச்சர்ல ஹால் ஆஃப் ஃபேம்ல நுழைஞ்ச முதல் ஆள் அவர். "ஆபரேஷன் பண்ணா இன்னும் வேகமா போடலாமாம்"னு எங்க டீம்ல ஒரு அப்பா சொன்னப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு. வேற இடத்துல இருந்து தசைநாண் எடுத்து முழங்கைல வச்சு தைக்கிறாங்க, திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும், அத போய் பரிசு மாதிரி பேசுறாங்க.

கோச்_மணி:

நோட்டு விஷயம் நல்ல யோசனை மேடம், எங்க டீம்லயும் இனிமே பெற்றோர் கிட்ட வார ஆரம்பத்துலயே வேற எங்கயாவது போட்டானான்னு கேக்கிறேன். இதுவரைக்கும் கேட்டது இல்ல, ஒத்துக்கிறேன். அந்தப் பதினஞ்சு வயசு பொண்ணு விஷயம் மனச உறுத்துது, எந்தப் பக்கம் இருந்தாலும் அது நடந்திருக்கக் கூடாது.

ஆனா 71ல அந்த மேனேஜர் தப்பு பண்ணார்னு நான் இன்னும் சொல்ல மாட்டேன். ஒரு அவுட் தேவை, பையன் வலிக்கலைன்னு சொல்றான், நானா இருந்தாலும் விட்டிருப்பேன்.

ஞாயிறு_செகண்ட்பேஸ்:

டக்அவுட்ட பாத்துட்டுத்தானே அண்ணே சொன்னான்.

பிளேட்டுக்குப்_பின்னால:

(அடுத்த சனிக்கிழமை ராத்திரி)

இன்னிக்கும் போனேன். இந்த மேட்ச்சுக்கு வர்றேன்னு சொல்லிட்டேன், விட மனசு வரல. தனியாதான் நின்னேன், பேஸ் அம்பயர் கிடைக்கல.

அதே டீம். நாலு நாள் ரெஸ்ட் கணக்குப்படி அந்தப் பையன் பிட்ச் பண்ணலாம், பண்ணல, செகண்ட் பேஸ்ல நிக்க வச்சிருந்தாங்க. மூணாவது இன்னிங்ஸ்ல அவன் கிட்ட ஒரு சுலபமான கிரவுண்டர், தரைல உருண்டு வர்ற பந்து, வந்துச்சு. பிடிச்சான். ஃபர்ஸ்ட் பேஸுக்கு மேல கை தூக்கி எறியல, ஓடி வந்து கீழ்க்கையா உருட்டி விட்டான், ரன்னர் சேஃப். வலைக்குப் பின்னால ஒருத்தர் கூட சத்தம் போடல.

அந்த அப்பா மேட்ச் முடிஞ்சு மறுபடி என் கார் கிட்ட வந்தார். நான் கதவ திறந்து வச்சுக்கிட்டே நின்னேன். மன்னிப்பெல்லாம் கேக்கல, கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டு "அன்னிக்கு எத்தனையாவது இன்னிங்ஸ்ல கைய உதற ஆரம்பிச்சான்"னு கேட்டார். நாலாவதுன்னு சொன்னேன். திங்கக்கிழமை எக்ஸ்ரேக்கு போறாங்களாம்.

கோச்_மணி:

டாக்டர் என்ன சொன்னார்னு தெரிஞ்சா இங்க எழுதுங்க சார்.