புதுப்பிப்பு: வேட்புமனு ஏற்கப்பட்டுவிட்டது
வடிகால் அடைத்துத் தெருவே குளமாகிறது, புகார் கொடுத்தே அலுத்துவிட்டது, பேசாமல் நானே கவுன்சிலர் தேர்தலில் நிற்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன் இல்லையா? நின்றுவிட்டேன், சுயேச்சையாக.

முதலில் வாக்காளர் பட்டியலைப் பாருங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள், அதுதான் காப்பாற்றியது. என்னை முன்மொழிய வந்தவர் இதே தெருக்காரர், ஆனால் பெயர் இருப்பது பக்கத்து வார்டில். கவனிக்காமல் விட்டிருந்தால் பரிசீலனையிலேயே மனு தள்ளுபடியாகியிருக்கும், நானும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பேன்.

இப்போது தினமும் மாலையில் வீடு வீடாகப் போகிறேன். பாதிப் பேர் கேட்பது போலீஸ், மின்வெட்டு, வேலைவாய்ப்பு. அதெல்லாம் மன்றத்தின் கையில் இல்லை, வடிகாலுக்கே கூட மற்ற உறுப்பினர்களின் ஓட்டும் பட்ஜெட்டில் இடமும் வேண்டும், நான் ஒருத்தி நினைத்தால் நடக்காது என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. அதற்காகப் பொய்யா சொல்ல முடியும்? வடிகால், தெருவிளக்கு, குப்பை, இவற்றை மட்டும்தான் பேசுகிறேன்.

அப்புறம், செலவுக் கணக்கை அன்றன்றே எழுதச் சொன்னவருக்கு நன்றி, நோட்டு போட்டாச்சு. ஒரே சந்தேகம்: வாசலில் நாய் கட்டியிருக்கும் வீட்டில் நோட்டீஸ் கொடுப்பது எப்படி?